பெருமருந்து என்னும் கொடி

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்த நிலம் படுவான்கரை. கதிரவன் எழும் கரை, கதிரவன் படும் கரை என்று எத்துணை எளிமையாகப் பெயரிட்டு வைத்தனர் முன்னோர்! வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி முதலிய படுவான்கரைப் பகுதிகளில் வெள்ளாமை செய்யும் உழவருக்குப் பாம்பு நெடுநாளைய அயலான். வரம்பு செதுக்கும்போதும், கதிர் அறுக்கும்போதும், இரவில் காவல் வாடியில் படுத்துறங்கும்போதும் அதன் நினைவு அவரை விட்டு நீங்குவதில்லை.

ஆஸ்பத்திரியும் மோட்டார் வண்டியும் எட்டாத் தொலைவில் இருந்த காலத்தில், பாம்பு தீண்டியவர்க்குப் புகலிடமாக இருந்தவர் விஷகடிப் பரியாரியார். நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். கூலி கேட்பதில்லை என்ற நெறியைப் பலர் விரதமாகவே காத்தனர். அத்தகையோர் விஷகடிக்கென்று போற்றிவந்த மூலிகைகளுள் ஒன்று ஈசுரமூலி. பெருமருந்து, கருடக்கொடி, தலைச்சுருளி என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. சிங்கள மக்கள் அதனைச் சப்சந்த என்பர். தாவர நூலார் இட்ட பெயர் அரிஸ்டோலோக்கியா இண்டிகா என்பதாகும்.

நஞ்சை உண்டு கண்டத்தில் நிறுத்திய ஈசனின் பெயர் ஒன்று. பாம்பினத்தின் பகையான கருடனின் பெயர் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருமருந்து என்னும் பெயர் ஒன்று. ஒரு கொடியின்மீது மக்கள் வைத்த நம்பிக்கைக்கு இவற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் அந்த நம்பிக்கை எத்துணைப் பொருத்தமானது என்னும் வினாவுக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் மருத்துவ விஞ்ஞானம் கண்டறிந்த விடை அச்சந்தருவதாக உள்ளது. அவ்விடை முதலிற் கிடைத்தது ஐரோப்பாவில், ஒரு சீன மூலிகையின் வழியாக. ஆயினும் அது இந்நாட்டு வேலியோரக் கொடிக்கும் அப்படியே பொருந்துவது.

ஈசுரமூலி இலங்கையின் உலர்ந்த பகுதிகளிலே புதர்களிலும் வேலிகளிலும் பற்றிப் படரும் மெல்லிய கொடி. இலையைக் கசக்கினால் ஒருவகைக் காரமணம் எழும்; வேர் மிகவும் கசக்கும். பூவின் அடி உருண்டு புடைத்து, மேலே குழாயாகி, நுனியில் நாக்குப்போல் நீண்டிருக்கும். சிறு ஈக்கள் அக்குழாயினுள் நுழைந்து, வெளியேற வழியின்றிச் சிறிது நேரம் சிறைப்பட்டு, மகரந்தம் பூசிக்கொண்டு வெளிவரும். காய் முற்றி உலர்ந்ததும் அடிப்புறமிருந்து ஆறு பிளவாக வெடித்து, மெல்லிய நரம்புகளில் தொங்கும். அடுக்களையிலே தயிர்ச்சட்டி தொங்கும் சிறு உறியைக் கண்டவர்க்கு அக்காயின் வடிவம் உடனே விளங்கும். உறியிலுள்ள தட்டையான விதைகளைக் காற்று எடுத்துச் செல்லும்.

இக்குலத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 500 இனங்கள் உள்ளன. ஒன்றையொன்று அறியாத பல நாட்டு மக்களும் இவற்றை மருந்தாகக் கொண்டனர் என்பது வியப்புக்குரியது. அரிஸ்டோலோக்கியா என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சிறந்த பிள்ளைப்பேறு என்று பொருள். பிரசவத்துக்கு உதவும் மூலிகை என்று கிரேக்கர் அதனை மதித்தனர். வட அமெரிக்காவில் வளரும் ஓர் இனத்தின் வேர் பாம்புக்கடி மருந்தாகப் பெயர்பெற்றது. யூனானி வைத்தியர் சராவந்து என்று இக்குலத்துச் செடிகளைக் கையாண்டனர். நம் தமிழ் வைத்தியத்தில் ஈசுரமூலியின் வேரும் இலையும் விஷகடி, காய்ச்சல், தோல்நோய், குழந்தைகளின் வயிற்றுக் கோளாறு ஆகியவற்றுக்கு வழங்கின. ஆங்கிலேயரும் அதனைப் புறக்கணிக்கவில்லை. 1900 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருந்து நூலுக்கு இந்தியாவையும் குடியேற்ற நாடுகளையும் கருதி வெளியிடப்பட்ட அநுபந்தத்தில் இக்கொடியும் இடம்பெற்றது.

இத்தனை நாட்டினரும் ஒருங்கே ஏமாந்தனரா என்று கேட்கலாம். அதற்கு விடைகாண முதலிற் பாம்புக்கடியின் இயல்பை அறிதல் வேண்டும். இலங்கை முழுவதிலும் வீடு வீடாகத் தகவல் திரட்டி 2016 இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின்படி, ஓராண்டில் பாம்பு தீண்டியோர் தொகை ஏறத்தாழ 80,000. அவர்களுள் உடலில் நஞ்சேறிய குறிகள் தோன்றியோர் ஏறத்தாழ 30,000 பேரே. இறந்தோர் ஏறத்தாழ 460 பேர். தீண்டிய பாம்பு நஞ்சற்றதாக இருக்கலாம். நஞ்சுள்ள பாம்பாயினும் நஞ்சைச் செலுத்தாமற் பல்லை மட்டும் பதித்திருக்கலாம். ஆகவே தீண்டப்பட்ட நூறு பேரில் அறுபதுக்கு மேற்பட்டோர் எந்த மருந்தும் இன்றியே பிழைத்திருப்பர். அவர்களுக்கு வேரை அரைத்துக் கொடுத்த பரியாரியார், நோயாளி எழுந்து நடப்பதைத் தம் கண்ணாற் கண்டார். உறவினரும் கண்டனர். புகழ் வேரைச் சேர்ந்தது. அவர் சொன்னதிற் பொய் ஏதுமில்லை; கண்டதையே சொன்னார்.

உண்மையில் நஞ்சேறியவரைக் காப்பது பாம்பு நஞ்சை ஊட்டிய குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் நஞ்சுமுறி மருந்தேயாகும். ஈசுரமூலி அவ்வேலையைச் செய்யும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இஃது ஒரு பக்கம். உண்டவர்க்கு அது செய்த தீங்கு மறுபக்கம். அதனை அறியப் பெல்ஜிய நாட்டுக்குச் செல்லவேண்டும்.

பிரஸ்ஸல்ஸ் நகரிலே உடல் மெலிவிக்கும் சிகிச்சை நிலையம் ஒன்று பதினைந்து ஆண்டுகளாக நடைபெற்று வந்தது. 1990 ஆம் ஆண்டில் அங்கு வழங்கப்பட்ட மருந்துக் கலவையில் இரண்டு சீன மூலிகைகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. 1992 இல் இரு பெண்கள் சிறுநீரகம் விரைந்து பழுதடைந்த நிலையில் வைத்தியரிடம் வந்தனர். இருவரும் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்கள். முன்னர் நலமாக இருந்தவர்கள். இருவரும் அதே நிலையத்தில் மருந்துண்டவர்கள். ஐயங்கொண்ட வைத்தியர்கள் தேடியபோது இன்னும் எழுவர் அகப்பட்டனர். பேராசிரியர் வன்ஹெர்வெகம் முதலியோர் இச்செய்தியை 1993 இல் லான்செற் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். நாளடைவில் பாதிக்கப்பட்டோர் தொகை நூற்றுக்கு மேலாயிற்று.

பிழை எங்கே நேர்ந்தது? மருந்திற் சேர்க்க எண்ணிய மூலிகைகளுள் ஒன்று ஹான் பாங் ஜி எனப்படுவது. அதற்குப் பதிலாக வந்து சேர்ந்தது குவாங் பாங் ஜி. பெயரில் ஓர் எழுத்துக் கூட்டமே வேறுபாடு. செடியிலோ பெரும் வேறுபாடு. பின்னது அரிஸ்டோலோக்கியா குலத்தைச் சேர்ந்தது. அதாவது ஈசுரமூலியின் நெருங்கிய உறவு. 1994 இல் அக்கலவையை இரசாயன முறையிற் சோதித்தபோது, இருக்கவேண்டிய பொருள் காணப்படாமல், அரிஸ்டோலோகிக் அமிலம் என்னும் நச்சுப்பொருள் காணப்பட்டது.

துன்பம் அத்துடன் ஓயவில்லை. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர்களுள் 39 பேருக்குப் பழுதடைந்த சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றினர். அவற்றைச் சோதித்தபோது 18 பேரிடத்திற் புற்றுநோய் காணப்பட்டது. இச்செய்தி 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மொத்தத்தில் 200 கிராமுக்கு மேல் அம்மூலிகையை உண்டவர்களிடத்துப் புற்றுநோய் மிகுதியாக இருந்தது. இருநூறு கிராம் என்பது எத்துணை? நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டித் தூள் என்று கொண்டாலும் சில மாதங்களிற் சேர்ந்துவிடும் அளவுதான்.

இவ்வமிலம் தீமை விளைவிக்கும் முறையை அறிந்தால் அதன் கொடுமை விளங்கும். சிறுநீரகத்தில் உடலுக்கு வேண்டிய நீரையும் உப்பையும் மீட்டுக்கொள்ளும் நுண்ணிய குழல்கள் உள்ளன. கழிவுகளை இரத்தத்திலிருந்து இழுத்து வெளியேற்றுவதும் அக்குழல்களின் கடமை. அக்கடமையைச் செய்யும்போது இந்த அமிலத்தையும் அவை இழுத்துக்கொள்கின்றன. உள்ளே சென்ற அமிலம் மாற்றமடைந்து, உயிரணுவின் மரபுச் சரட்டிலே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்திற் பிழையான எழுத்துப் பதிகிறது. பல உயிரணுக்கள் மடிகின்றன; மடிந்த இடத்திற் குழல் போய்த் தழும்பு வளர்கிறது. சில உயிரணுக்கள் அப்பிழையுடனேயே பெருகி, ஆண்டுகள் கழிந்தபின் புற்றாகின்றன. ஒட்டிக்கொண்ட அமிலத்தின் சுவடு மருந்தை நிறுத்திப் பல்லாண்டு கழிந்த பின்னும் சிறுநீரகத்தில் இருப்பதைக் கண்டிருக்கின்றனர். அப்பிழை எழுத்தின் பாங்கு தனித்தன்மை வாய்ந்தது. எனவே ஒரு புற்றுநோயின் மரபுச் சரட்டைப் படித்து, இஃது இந்த அமிலத்தால் விளைந்தது என்று கூறும் ஆற்றலையும் ஆய்வாளர் 2013 அளவிற் பெற்றுவிட்டனர்.

இத்தனைக்கும் எச்சரிக்கை முன்னரே கிடைத்திருந்தது. இவ்வமிலம் எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்குவதை ஜெர்மானிய ஆய்வாளர் 1982 இல் வெளியிட்டனர். அந்நாட்டில் அது சேர்ந்த மருந்துகளும் அக்காலத்திலேயே விலக்கப்பட்டன. எட்டாண்டு கழித்துப் பக்கத்து நாட்டில் அதே பொருள் வேறொரு பெயருடன் மருந்துக் குப்பிக்குள் புகுந்தது.

பிரஸ்ஸல்ஸ் செய்தி வேறொரு பழைய புதிருக்கும் விடை தந்தது. தன்யூப் ஆற்றின் கிளையாறுகள் பாயும் பல்கேரியா, சேர்பியா, குரோஷியா முதலிய நாடுகளின் சில கிராமங்களில், 1950 களிலிருந்து ஒரு சிறுநீரக நோய் அறியப்பட்டிருந்தது. ஒரே வீட்டிற் பலருக்கு அது வந்தது. அதனுடன் சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோயும் வந்தது. நீரே காரணம் என்றனர் சிலர். பரம்பரை என்றனர் சிலர். உண்மையில் அவ்வூர்க் கோதுமை வயல்களில் அரிஸ்டோலோக்கியா இனம் ஒன்று களையாக வளர்ந்திருந்தது. அதன் விதை கோதுமையுடன் சேர்ந்து அறுக்கப்பட்டு, மாவாகி, ரொட்டியாகி, ஆண்டாண்டுகளாக உண்ணப்பட்டது. நோயாளரின் சிறுநீரகத்தில் அந்த அமிலத்தின் சுவடு இருப்பது 2007 இல் உறுதிப்படுத்தப்பட்டது. மருந்தென்று நினைத்து உண்டவரும் உண்டதையே அறியாதவரும் ஒரே நோய்க்கு ஆளாயினர்.

தைவானில் 1997 முதல் 2003 வரையான காலத்தின் மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்தபோது, மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் இவ்வமிலம் இருக்கக்கூடிய மூலிகை மருந்துகளைப் பெற்றிருந்தமை தெரிந்தது. சிறுநீர்க் குழாய்ப் புற்றுநோய் அந்நாட்டில் மிகுந்திருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது பின்னர் வெளிப்பட்டது. 2003 இல் அங்கு அம்மூலிகைகள் தடைசெய்யப்பட்டன. சீன அரசும் 2003 இலும் 2004 இலும் இக்குலத்து மூலிகைகள் சிலவற்றைத் தன் மருந்து நூலிலிருந்து நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம், அரிஸ்டோலோக்கியா சேர்ந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன என்னும் முதல் வகுப்பில் 2002 இல் வைத்தது. முதலிற் சீன மூலிகை நோய் என்று வழங்கிய இந்நோய்க்கு இன்று அரிஸ்டோலோகிக் அமிலச் சிறுநீரக நோய் என்று பெயர். குற்றம் ஒரு நாட்டின் வைத்திய முறையினுடையது அன்று. ஒரு செடிக் குலத்தினுடையது என்பதை உணர்ந்தே பெயரை மாற்றினர்.

அக்குலத்தைச் சேர்ந்த ஈசுரமூலியிலும் இவ்வமிலம் உண்டு. ஆடுதின்னாப்பாளையிலும் உண்டு. கண்டதையெல்லாம் மேயும் ஆடும் தின்னாது விடுவது என்று அச்செடிக்குப் பெயரிட்டவர், ஓர் எச்சரிக்கையையும் அப்பெயரிலே பொதிந்து வைத்துவிட்டார்.

அவ்வாறாயின் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட முன்னோர் இத்தீங்கை ஏன் கண்டிலர்? அலரி விதையின் நஞ்சை அவர் அறிந்திருந்தனர். கார்த்திகைக் கிழங்கின் நஞ்சையும் அறிந்திருந்தனர். உண்ட அன்றே வாந்தியும் பேதியும் காட்டும் பொருளை அநுபவம் விரைவிற் கண்டுபிடித்துவிடும். ஈசுரமூலியோ அன்று எதையும் காட்டுவதில்லை. காய்ச்சலுக்கு அதைக் குடித்தவர் காய்ச்சல் தணிந்து எழுந்துவிடுகிறார். ஐந்து ஆண்டோ பதினைந்து ஆண்டோ கழிந்து அவருக்குச் சோகை பிடிக்கிறது, பசி குன்றுகிறது, சிறுநீரில் இரத்தம் தோன்றுகிறது. அந்நோயையும் அன்று குடித்த கஷாயத்தையும் இணைத்துப் பார்க்க எவராலும் இயலாது. நன்மை போல் தோன்றியது கண்முன்னே நிகழ்ந்தது. தீமை கணக்கில் வராத தொலைவில் நிகழ்ந்தது. ஏட்டிலே முன்னது ஏறியது, பின்னது ஏறவில்லை. கூர்த்த மதியுடையோரையும் ஏமாற்றக்கூடிய அமைப்பு இது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை தேவை. மட்டக்களப்புக்கு அடுத்துள்ள பொலன்னறுவை மாவட்டத்திலும் அநுராதபுரப் பகுதியிலும், 1990 களிலிருந்து உழவரிடையே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருப்பதை நேயர்கள் அறிவர். குடிநீர், வெப்பம், விவசாய இரசாயனம் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. மூலிகையும் ஐயத்துக்கு உட்பட்டதுண்டு. ஆயினும் அந்நோய்க்கு ஈசுரமூலியே காரணம் என்று கூறுவதற்குச் சான்று இல்லை. அவ்வாறு கூறுவது பிழை. ஒன்று மட்டும் உறுதி: ஏற்கெனவே சிறுநீரகம் நலிந்துள்ள ஒருவருக்கு இம்மூலிகை மேலும் ஒரு சுமையாகும்.

இதனால் தமிழ் வைத்தியமே ஆகாது என்று கொள்ளுதலும் தகாது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இந்நாட்டின் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி, வைத்தியரைப் பதிவு செய்யவும் வழிவகுத்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. வல்லாரையும் தூதுவளையும் கொத்தமல்லியும் நாளும் உணவாகின்றன. ஆயிரம் மூலிகைகளுள் ஒன்றை விலக்கினால் வைத்தியம் குறைந்துபோவதில்லை. கற்ற வைத்தியரின் மதிப்பு அதனால் உயரவே செய்யும்.

பொதுமக்கள் கருத்திற் கொள்ளவேண்டியன சில உள. ஈசுரமூலியையோ ஆடுதின்னாப்பாளையையோ எவ்வடிவிலும் உள்ளுக்கு உண்ணலாகாது. கொதிக்கவைத்தால் நஞ்சு போய்விடும் என்பது தவறு. சுத்தி செய்தால் சிறிது குறையலாமேயன்றி, முற்றும் நீங்கிற்று என்று நம்பியிருத்தல் இயலாது. கருவுற்ற பெண்கள் இதனை அணுகவே கூடாது. கருவைச் சிதைப்பதற்கென்று இம்மூலிகை பயன்பட்டுவந்த செய்தியும் உண்டு. குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்கென்று இலைச்சாறு புகட்டுவதையும் நிறுத்துதல் வேண்டும்.

சரக்குக் கடையிலே தூளாக இடித்து வைத்த மருந்தை வாங்குவோர், அதிற் சேர்ந்த சரக்குகள் எவை என்று கேட்டறிதல் நன்று. வேராகவும் தண்டாகவும் இருக்கும்போதே அடையாளங் காண்பது அரிது; தூளானபின் வைத்தியராலும் இயலாது. பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. கருடக்கொடி என்பது ஒரு செடி. ஆகாசகருடன் என்பது வேறொரு குலத்துச் செடி. இரண்டும் விஷகடிக்கென்றே பெயர்பெற்றவை. ஹான் பாங் ஜி கேட்டவருக்குக் குவாங் பாங் ஜி கிடைத்த கதை எந்தக் கடைத்தெருவிலும் நிகழக்கூடியது. கொழும்பிலோ வெளிநாட்டிலோ வாங்கப்படும் சீன மருந்துப் பொதிகளுக்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

முன்னர் இதனை நெடுநாள் உண்டவர் அஞ்சி ஒளித்தல் வேண்டா. வைத்தியரிடம் அதனைக் கூறி, இரத்தத்தில் கிரியேற்றினின் அளவையும் சிறுநீரையும் சோதித்துக்கொள்ளலாம். எத்தனை ஆண்டு கழிந்திருப்பினும் சிறுநீரில் இரத்தம் காணப்பட்டால் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

பாம்பு தீண்டினால் செய்யத்தக்கது ஒன்றே. தீண்டப்பட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நோயாளியை நடக்கவிடாது, அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். கடிவாயைக் கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தீமையே. வேரை அரைக்கும் நேரத்தில் உயிர் நழுவிவிடக் கூடும். பழைய விஷகடிப் பரியாரியார் நள்ளிரவிற் கதவைத் திறந்தது உயிரைக் காக்கும் பொருட்டு. அந்த நோக்கத்துக்கு உண்மையாக இருக்கும் அவர் வழித்தோன்றல், இன்று முதலில் வண்டியை அழைப்பார்.

ஈசுரமூலியைக் கண்ட இடமெல்லாம் வெட்டி எறியவேண்டுமோ எனின், அதுவும் வேண்டுவதில்லை. கருஞ்சிறகும் செவ்வுடலும் கொண்ட அழகிய வண்ணத்துப்பூச்சி ஒன்று இக்கொடியிலேயே முட்டையிடுகிறது. மஞ்சளும் கறுப்புமாகப் பெருஞ்சிறகு விரிக்கும் இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சிக்கும் இக்குலத்துக் கொடிகளே உணவு. அவற்றின் புழுக்கள் இலையைத் தின்று, நஞ்சைத் தம் உடலிலே சேமித்துக்கொள்கின்றன. அதனால் பறவைகள் அவற்றைத் தீண்டுவதில்லை. மனிதனின் சிறுநீரகத்தை அரிக்கும் அதே பொருள் அப்பூச்சிக்குக் கவசம். கொடி வேலியில் இருக்கட்டும், பூச்சிக்கு உணவாகட்டும். கஷாயச் சட்டிக்குள் மட்டும் அது வராதிருத்தல் வேண்டும்.